மாமனார் கார் ஆன மத்தியானம்

“அந்த மின்னல் வேகக் காரு நான்தாங்க மேடம்” என்றார் மாமனார்.

அடுப்புத் தட்டில் பாதி புரண்ட பர்கர் அப்படியே நின்றது. வறுவல் சட்டியில் எண்ணெய் கொதிக்க மறந்தது. ஐஸ் மெஷின் ஒரு கட்டியைத் தொண்டைக்குள் அடக்கிக்கொண்டது.

ஏரியா மேனேஜர் அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். எதிரே நின்றது கார் மாதிரி இல்லை. தலையில் காகிதத் தொப்பி, வயிற்றின் மேல் தக்காளிச் சாஸ் வழிந்த ஏப்ரன், கையில் மேஜை துடைக்கிற துணி. சக்கரம் எதுவும் தென்படவில்லை.

“எந்தக் காரு?”

“அதாங்க, கம்ப்யூட்டர்ல பார்த்து அசந்து போனீங்களே. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஜன்னலைத் தாண்டிப் போச்சுன்னு. அது நான். ஒரு தடவை இல்ல, பல தடவை. பெட்ரோல் கூடப் போடல.”

ஹெட்செட்டைக் காதில் மாட்டியபடி நின்ற மருமகளுக்கு, பூமி பிளந்து தன்னை விழுங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது. வம்பு முழுக்க அந்தப் பூமிக்கு அடியில்தான் புதைந்து கிடக்கிறது என்பது அவளுக்கு இன்னும் உறைக்கவில்லை.

போன வாரப் பக்கத்தை அலமாரித் தட்டில் விரித்துவிட்டவர்களுக்காக நாலு வார்த்தை. மருமகள் இந்த பர்கர் கடையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். அவள் கணவன் கப்பலில் சமையல்காரன். ஏழு கடலுக்கும் சமைத்துப் போடுகிறவன், வீட்டில் இருந்த நாளில் வெந்நீர் வைத்ததில்லை. மாமனார் ஓய்வுபெற்ற லிஃப்ட் ஆபரேட்டர். ஆயுள் முழுக்க மேலே போய்க்கொண்டே இருந்தும் முன்னுக்கு வராத மனிதன் உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார். வேலையை விட்ட மறுவாரமே வீட்டுச் சுவர்கள் அவரைக் கடிக்க ஆரம்பித்துவிட்டன. மருமகளைக் கெஞ்சிக் கூத்தாடி அதே கடையில் மேஜை துடைக்கவும் பன் எடுத்துவரவும் சேர்ந்துவிட்டார். உறவைக் கடை வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும், உள்ளே அவள் ‘மேடம்’, அவர் ‘ஐயா’ என்பது ஒப்பந்தம்.

மாமியாருக்கு இந்த விஷயம் தெரியாது. கணவர் தினமும் லைப்ரரிக்குப் போவதாக நம்பிக்கொண்டிருக்கிறார். போன வாரம் அவருடைய சட்டையை முகர்ந்துவிட்டு, “எந்த லைப்ரரியில உருளைக்கிழங்கு பொரிக்கறாங்க?” என்று கேட்டார். “சமையல் புத்தகம் படிச்சேன்” என்று மாமனார் தப்பித்தார். தற்காலிகமாகத்தான்.

மருமகளின் கவலை வேறு. அவளுக்கு இதுவரை மத்தியானம் தொடங்கி ஊர் அடங்கிய பிறகு முடிகிற ஷிஃப்ட். மகள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அம்மா தூங்குவாள். அம்மா வீடு திரும்பும்போது மகள் தூங்குவாள். கண் திறந்திருக்கிற அம்மாவை எப்போதாவது பார்த்துவிட்டால் குழந்தை கேட்கிற முதல் கேள்வி, “இன்னைக்கு லீவாம்மா?”

அந்தக் கேள்வி பழகிவிடுமோ என்றுதான் அவளுக்குப் பயம்.

இப்போது பகல் ஷிஃப்ட் பொறுப்பு காலியாகியிருக்கிறது. இன்று ஒரு நாள் அவளிடம் விட்டுப் பார்க்கிறார்கள். ஏரியா மேனேஜர் வந்து பார்த்து முடிவு சொல்வார். அவரைக் கடையில் எல்லோரும் ‘ஏரியா அம்மா’ என்பார்கள், அவர் எதிரில் இல்லாதபோது.

முடிவு எதை வைத்து? கடையின் கார் பாதை ஜன்னலுக்கு மேலே தொங்குகிற ஓர் எண்ணை வைத்து. காரில் வருகிறவர்கள் விலைப் பலகை அருகே நிறுத்தி, மைக்கில் ஆர்டர் சொல்லி, சுற்றிக்கொண்டு ஜன்னலுக்கு வந்து பையை வாங்கிப் போக வேண்டும். சராசரியாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று அந்த எண் காட்டிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் என்றால் பச்சை. சுமார் என்றால் மஞ்சள். தாமதம் என்றால் சிவப்பு. அந்தச் சிவப்புக்கு எந்தக் காரணமும் காதில் விழாது.

காலையிலேயே சிவப்பு.

முதல் காரில் ஒரு குடும்பமே வந்திருந்தது. அப்பாவுக்கு வெங்காயம் வேண்டாம், அம்மாவுக்கு வெங்காயம் மட்டும் போதும், பின் சீட்டில் இருந்த சித்தப்பாவுக்கு வெங்காயமே பிரச்சினை இல்லை, பன்தான் பிரச்சினை. அவர்கள் ஒரு முடிவுக்கு வருவதற்குள் பின்னால் நின்ற கார்களுக்கு வயசாகிவிட்டது.

மருமகளின் வலது காது அடுப்படிக்கு. வறுவல் வெந்தால் ஒரு பீப், கோழி வெந்தால் இரண்டு பீப், பன் சூடானால் ஒரு நீளமான பீப். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி கத்தினாலும் தூக்கத்திலிருந்து எழுந்து “எடுத்தாச்சு!” என்று குரல் கொடுப்பாள். இடது காது ஹெட்செட்டுக்கு. பலகை முன்னாலோ ஜன்னல் முன்னாலோ கார் வந்து நின்றதும் அதில் ‘டிங்’ என்று மணி அடிக்கும். கண் அந்த எண்ணுக்கு. வாய் வருகிறவர்களுக்கு. அவளுக்கென்று மிச்சம் இருந்தது கால் மட்டும்தான். அதுவும் நின்ற இடத்தில் நிற்கவில்லை.

“என்னக்கா, தரையைத் தேய்ச்சே பள்ளம் பண்ணிடுவீங்க போல” என்றாள் அடுப்படியில் இருந்த சூறாவளி. இரண்டு கையால் பத்துப் பர்கர் கட்டுகிறவள் என்பதால் வந்த பெயர்.

“சிவப்பைப் பாரு! இன்னும் எரியுது. இந்த நிலைமையில அவங்க வந்து நின்னா எனக்கு ராத்திரி ஷிஃப்ட்தான், ஜென்மத்துக்கும்.”

இதை மேஜை துடைத்துக்கொண்டிருந்த மாமனார் கேட்டுவிட்டார். அதுதான் வினை.

பன் வைக்கிற கொட்டகை, கார் வருகிற பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தது. பன் தட்டுகளை அடுக்கிய ஆளுயர இரும்புத் தள்ளுவண்டியைப் பாதைக்குக் குறுக்கே உருட்டிக்கொண்டு வருவது அவர் வேலை. அன்று அப்படி வரும்போது கதவோரத்தில் நின்றிருந்த மருமகள் ஹெட்செட்டில், “வணக்கம், உங்க ஆர்டரைச் சொல்லுங்க” என்றாள். மாமனார் சுற்றுமுற்றும் பார்த்தார். பாதையில் ஓர் ஈ காக்கை இல்லை. அவரும் பன்களும்தான்.

மெஷின் தன்னைக் காராக எடுத்துக்கொண்டது அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. தாருக்கு அடியில் புதைத்திருக்கிற கம்பி ஆளைப் பார்ப்பதில்லை, இரும்பைப் பார்க்கிறது. பலகை முன் ஒரு கம்பி, ஜன்னல் முன் ஒரு கம்பி. முதல் கம்பியைத் தாண்டினால் ஒரு கார் வந்துவிட்டது. இரண்டாவதைத் தாண்டினால் அந்தக் கார் போய்விட்டது.

ஆயுள் முழுக்க ஒரே பெட்டிக்குள் நின்றபடி வேலை பார்த்த மனிதருக்கு, நீளமாக ஒரு பாதையும் தள்ளுவதற்கு ஒரு வண்டியும் கிடைத்தால் சும்மா இருப்பாரா? கார் வராத இடைவெளி பார்த்துப் பார்த்து வண்டியைத் தள்ளிக்கொண்டு பறந்தார். பலகை, ஜன்னல், ஒரு சுற்று. பலகை, ஜன்னல், இன்னொரு சுற்று. மேல் தட்டிலிருந்த பன்களுக்குத் தலை சுற்றியது. ஒவ்வொரு சுற்றுக்கும், நொடியில் பை வாங்கிப் போன ஒரு காரை மெஷின் கணக்கில் சேர்த்தது. சிவப்பு மஞ்சளானது. மஞ்சள் பச்சையானது.

மருமகளுக்கு மட்டும் மணி அடிப்பதும், வணக்கம் சொன்னால் பதில் வராததும் விசித்திரமாக இருந்தது. யாரோ மனசு மாறித் திரும்பிப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பச்சையைப் பார்த்தவள், ஏன் பச்சை என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கடைசிச் சுற்றில்தான் மாமனாருக்கு ஆசை மீறிவிட்டது. “வணக்கம், உங்களுக்கு என்ன வேணும்?” என்று மருமகள் தேன் தடவிக் கேட்கிறாள். வீட்டில் இந்தக் கேள்வியை அவரிடம் யார் இந்தக் குரலில் கேட்டார்கள்? தொண்டையைத் தடிப்பாக்கிக்கொண்டு, “ஒரு காபி. சர்க்கரை தூக்கலா” என்றார். அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஒரு சரக்கு வேன் வந்து ஹாரனை அழுத்தியது. மாமனார் வண்டியோடு துள்ளிப் பாதையோரப் புல்லில் ஏறிவிட்டார். ஜன்னல் பக்கம் போகவே இல்லை.

மெஷின் அவருக்காகக் காத்திருந்தது.

அதற்குத் தெரிந்ததெல்லாம் வரிசைதான். முதலில் காபி கேட்ட கார், அப்புறம்தான் மற்றவர்கள். ஆகவே ஐந்து பர்கர் கேட்ட வேன் டிரைவருக்கு ஒரு காபி கிடைத்தது. அவருக்குப் பின்னால் வந்த, உடம்பைக் குறைக்கிற விரதத்தில் இருந்த பெண்ணுக்கு ஐந்து பர்கர். அவளுக்குப் பின்னால் வந்த பெரிய மீசைக்காரருக்கு அவள் கேட்ட இலை தழைச் சாலட்.

ஏரியா அம்மா உள்ளே நுழைந்து, பச்சையைப் பார்த்து மலர்ந்து, கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து, “இவ்வளவு வேகமா? நான் பார்த்ததே இல்ல! பகல் ஷிஃப்ட் உனக்குத்தான்னு வச்சுக்கோயேன்” என்று மருமகளின் தோளில் தட்டிய அதே நிமிஷம், கடைக் கதவைத் திறந்துகொண்டு மூன்று பேரும் வந்தார்கள்.

“நான் என்ன ஆடா மாடா?” என்று மீசைக்காரர் தழையைத் தூக்கிக் காட்டினார். மீசை துடித்தது. கடையின் கண்ணாடிகளும் கூடவே துடித்தன.

“ஸ்கிரீன்ல வர்றதைத்தான் கொடுத்தேன்” என்றாள் மருமகள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது” என்றார் ஏரியா அம்மா. “காபி கேட்ட வண்டி எங்க போச்சு?”

அங்கேதான் மாமனார் முன்னால் வந்து, நாம் தொடங்கிய வாக்கியத்தைச் சொன்னார். பசியை அடக்குவார், கோபத்தை அடக்குவார், தும்மலைக் கூட அடக்கிவிடுவார். பெருமையை மட்டும் அவரால் அடக்க முடியாது.

ஏரியா அம்மா நம்பவில்லை. “இதைப் பாதைக்கடியில பதிக்கும்போது பக்கத்துலயே நின்னவ நான். காருக்கு மட்டும்தான் அடிக்கும். ஆளு போனாலும் அடிக்காது, நாய் போனாலும் அடிக்காது.” பிறகு மருமகளிடம் திரும்பினார். “இவரு எப்பவும் இப்படித்தானா?”

மருமகளுக்கு இப்போது எல்லாம் புரிந்துவிட்டது. பதில் இல்லாத மணிகள். தடித்த குரலில் வந்த காபி. சர்க்கரை தூக்கலாகக் குடிக்கிற ஒரே ஆள் அவள் வீட்டில்தான் இருக்கிறார். தலைக்கு மேலே பச்சை மின்னிக்கொண்டிருந்தது. அவள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வீட்டில் எல்லோரும் சொல்கிறதைச் சொன்னால் போதும்.

“ஆமாங்க மேடம். ஐயா கொஞ்சம் அளப்பாரு.”

மாமனார் கையிலிருந்த துணியை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். பேச்சுக்கு மறுபேச்சு இல்லாமல் அவர் நின்றதை இந்தக் கதை ஆரம்பித்த நாளிலிருந்து யாரும் பார்த்ததில்லை.

“போங்க ஐயா, போய் மேஜையைப் பாருங்க. மெஷினை அணைச்சுப் போட்டா சரியாயிடும்” என்றார் ஏரியா அம்மா.

“அணைச்சா வரிசையில நிக்கறவங்க ஆர்டர் எல்லாம் அழிஞ்சுடும் மேடம்” என்றாள் மருமகள்.

“அப்ப வர்றதைக் கொடு. தானா சரியாகும்.”

ஜன்னலுக்கு அடுத்த கார் வந்தது. ஓட்டியவள் ஓர் அம்மா. அலுவலக உடுப்பு, கலைந்த தலை. பின் சீட்டில் ஒரு சின்னப் பெண், பொம்மை வைத்த குழந்தைகள் பெட்டிக்காகக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு. மருமகளின் கையில் இருந்தது மீசைக்காரரின் காரக் கோழி. அதைத் தின்றால் ரயில் எஞ்சினுக்கே கண்ணில் தண்ணீர் வரும்.

“சீக்கிரம் கொடுத்துடுங்க, ப்ளீஸ்” என்றாள் அந்த அம்மா. “இன்னைக்குத்தான் இவளை நானே ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வர முடிஞ்சுது. இவ சந்தோஷத்துல கடை கடையா நிறுத்தச் சொல்றா.”

மருமகள் பையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. திரும்ப உள்ளே வந்தது.

“ஒரே நிமிஷம் இருங்கம்மா.” அவள் ஏரியா அம்மாவைப் பார்த்தாள். “மேடம், எங்க மாமா பொய் சொல்லல. நான்தான் சொன்னேன்.”

“மாமாவா?”

“எங்க வீட்டுக்காரரோட அப்பா. அந்தக் காபி கேட்டது அவர் குரல். மெஷின் கணக்குல ஒரு வண்டி அதிகமா நிக்குது, அதனாலதான் எல்லாருக்கும் முன்னாடி வண்டியோட பை போகுது. இந்தப் பச்சையும் பச்சையில்ல. அவர் ஓடின ஓட்டம்.”

“நீயுமா?” என்றார் ஏரியா அம்மா. “குடும்பத்தோட என்னைக் கேனைச்சி ஆக்கறீங்களா? தள்ளு. ஹெட்செட்டைக் கொடு. நானே ஜன்னல்ல நிக்கறேன். அவரை வரச் சொல்லு. மணி அடிக்கலைன்னா ரெண்டு பேரும் ஏப்ரனைக் கழட்டிட்டு இப்படியே வீட்டுக்குப் போயிடலாம்.”

சூறாவளி அடுப்பை அணைத்தாள். மீசைக்காரர் தழையை மறந்தார். கடையே ஜன்னல் பக்கம் சாய்ந்தது. கட்டடம் ஒரு விரற்கடை சரிந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

பெட்டிக்காகக் காத்திருந்த காரைக் கொஞ்சம் பின்னுக்கு எடுக்கச் சொன்னாள் மருமகள். அதற்குள் வெளியே ஓடிப்போய்ப் புல் மேட்டில் வண்டியோடு நின்ற மாமனார் தொப்பியைச் சரிசெய்தார். மருமகளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

“மாமா, வாங்க” என்றாள், கடை முழுக்கக் கேட்கும்படி.

வந்தார் பாருங்கள்! ஊர்வலத்து யானை அந்த மிடுக்கோடு வந்திருக்காது. இடப்பக்கம் திரும்புகிறேன் என்பதற்குக் கையை வேறு நீட்டினார். வாயால் எஞ்சின் சத்தம். இரும்பு வண்டி கடகடவென்று புல்லிலிருந்து இறங்கி ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றது.

டிங்.

ஏரியா அம்மா மேனேஜர் ஆவதற்கு முன்னால் வருஷக்கணக்கில் இந்தக் கடையில் அதே ஜன்னலில் நின்றவர். அந்த மணி மூளைக்குப் போகாமல் நேரே கைக்குப் போகிற ஆள். நினைப்பதற்குள் கை பையை எடுத்து நீட்டியது. முகம் சிரித்தது. வாய், “இந்தாங்க உங்க ஆர்டர், மறுபடியும் வாங்க!” என்றது.

“கண்டிப்பா வரேன்” என்று மாமனார் பையை வாங்கிக்கொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

ஸ்கிரீனில் ஒரு கார் மறைந்தது. வரிசை ஒரு படி முன்னால் நகர்ந்தது. அடுத்த ஆர்டர்: குழந்தைகள் பெட்டி, ஒன்று. மாமனார் காரக் கோழியை மீசைக்காரரிடம் சேர்த்தார். மருமகள் பெட்டியைச் சின்னப் பெண்ணிடம் கொடுத்தாள். அது கையாட்டிக்கொண்டே போனது.

ஏரியா அம்மா இன்னும் கையை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தார்.

“மேடம், கையை உள்ள எடுங்க, அடுத்த வண்டி வருது” என்றாள் சூறாவளி.

மருமகள் ஹெட்செட்டைத் திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, மாமனாரின் சுற்றுகளை ஒவ்வொன்றாகத் தேடிக் காட்டி ஏரியா அம்மாவை நீக்கச் சொன்னாள். ஒன்று போகப் போகப் பச்சை வெளுத்தது. கடைசியில் நின்றது மஞ்சள். சிவப்பை ஒட்டிய மஞ்சள்.

“மஞ்சளுக்குப் பகல் ஷிஃப்ட் தர்றதில்ல. தெரியுமில்ல?”

“தெரியும் மேடம்.”

“தெரிஞ்சும் சொன்னியா?”

மருமகள் பதில் சொல்வதற்குள் விரதப் பெண், தன் கணக்கில் வந்த ஐந்து பர்கரில் ஒன்றைக் கடித்தபடி ஜன்னலோரம் வந்தாள். அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறவள். கையில் போன். “மாமா, லைப்ரரியை இங்க மாத்திட்டாங்களா? நீங்க வண்டி ஓட்டினதை வீடியோ எடுத்துட்டேன். சூப்பர்! மாமிக்கு அனுப்பியாச்சு.”

மாமனாரின் எஞ்சின் அங்கேயே நின்றுவிட்டது.

மருமகளின் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். அத்தை. அவள் மாமனாரைப் பார்த்தாள், மாமனார் கூரையைப் பார்த்தார். அதிர்வு நின்றது. உடனே மறுபடி அதிர ஆரம்பித்தது.

அதற்குள் கவுண்டர் டெலிபோனும் அலறியது. தலைமை அலுவலகம். எந்தக் காராலும் முடியாத வேகத்தில் இத்தனை கார்கள் போனதைப் பார்த்து அவர்களுக்கே சந்தேகம் வந்துவிட்டதாம். கடைக்காரர்கள் ஏமாற்றுகிறார்களா என்று கேட்டார்கள். ஏரியா அம்மா ரிசீவரை வாங்கினார். ‘மெஷின் கோளாறு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் கௌரவம் தப்பிக்கும். இன்றைய கணக்கு ரத்தாகும், பகல் ஷிஃப்டும் வேறு யாருக்காவது போகும். அந்த வார்த்தையைச் சொல்வதற்கு வாயைத் திறந்தவர், மருமகளை ஒரு தடவை பார்த்தார். ஒரு காதில் ஹெட்செட், பாக்கெட்டில் துடிக்கிற போன், ஓரிடத்தில் நிற்காத கால்.

“ஏமாத்தல சார். அந்தப் பொண்ணுதான் கண்டுபிடிச்சு, தானே எல்லாத்தையும் அழிக்கச் சொன்னா... இல்ல சார், காரே இல்ல. பன் வண்டி. தள்ளிக்கிட்டு வந்தது ஒரு பெரியவர்... சிரிக்காதீங்க சார். நான் நல்லாத்தான் இருக்கேன், வெயில்ல எல்லாம் நிக்கல. நானும்தான் நம்பல.” அவர் குரலைத் தாழ்த்தினார். பிறகு எதற்குத் தாழ்த்த வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

“நடந்துது சார். மணி அடிச்சுது, என் கண்ணு முன்னாலயே அவர் காரா வந்து நின்னார், நானே பையைக் கொடுத்து மறுபடியும் வாங்கன்னு சொல்லி அனுப்பினேன். பகல் ஷிஃப்ட் இந்தப் பொண்ணுக்குத்தான்னு எழுதிக்கோங்க.”